விண்கலத்தில் பிறந்தவளின் ஜாதகம்

கல்லை விட்டெறிந்தால் காக்காய் பறக்கும், சொல்லை விட்டெறிந்தால் வேறு ஏதோ பறக்கும் என்பார் எங்கள் பெரிய மாமா. ஊர் பறக்குமா, உறக்கம் பறக்குமா, என்ன சொல்வார் என்பது சுத்தமாக மறந்துவிட்டது. மில்லில் மேஸ்திரியாக இருந்தவர். கல்யாண வீட்டில் வாழ்த்துரைக்கு மைக்கைக் கொடுத்தால் போதும், இதைச் சொல்லித்தான் ஆரம்பிப்பார். கல்யாண வீட்டில் சொல்கிற பேச்சா அது? ஏன் இப்போது ஞாபகம் வந்தது என்றால், இன்றைக்கு நான் கிளம்பியதும் ஒரு கல்யாணப் பேச்சுக்குத்தான். அதை விடுங்கள்.

உங்கள் போனை எட்டிப் பார்த்தேன் என்று நினைக்காதீர்கள், சார். பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தால் கண்ணில் படத்தானே செய்யும்? 'கலம் பதினேழு' தொடர்தானே பார்க்கிறீர்கள்? அந்த நீலச் சுவரைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. எதுவரை வந்திருக்கிறீர்கள்? கேப்டனுக்குக் காய்ச்சல், நிலவினி கதவுக்கு வெளியே நிற்கிறாள், அந்த இடமா? அப்படியானால் பாதிதான் தாண்டியிருக்கிறீர்கள். பாருங்கள், பாருங்கள். நடுவில் பேசி நான் கெடுக்கமாட்டேன்.

கடைசியில் சேர்த்துவைத்துவிடுகிறார்கள், சார். வீணாக எதிர்பார்த்து ஏமாறவேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

என் பெயர் குமரகுருபரன். ஈரோடுதான். ஓமனில் எண்ணெய்க் கம்பெனியில் வால்வு பராமரிப்பு. இருபது வருஷத்துக்கு மேல் அங்கே இருந்துவிட்டுத் திரும்பி வந்தவன். பத்தாவது வரை தமிழில் படித்தேன், அப்புறம் எல்லாம் இங்கிலீஷ். இரண்டு பாஷையிலும் விஞ்ஞானக் கதை படித்தவன் என்பதற்காகச் சொல்கிறேன், பெருமைக்காக இல்லை. தமிழில் உருப்படியாக ஒரு விண்வெளித் தொடர் வராதா என்று ஏங்கிக் கிடந்தவன். வந்தது. அதிலும் காதலைப் போட்டுக் கெடுத்துவிட்டார்கள்.

நீங்கள் பாதி பார்த்தவர்தான். இருந்தாலும் சரியாகப் பார்த்தீர்களோ என்னவோ, சொல்லிவிடுகிறேன். பூமியில் தண்ணீர் வற்றிப்போகிறது. விதைநெல்லை ஏற்றிக்கொண்டு ஒரு கலம் வேறொரு கிரகத்துக்குப் போகிறது. கேப்டன் இளம்பரிதி தூத்துக்குடியில் பிறந்தவர். வழி பார்த்துச் சொல்கிற நிலவினி அந்தக் கலத்துக்குள்ளேயே பிறந்தவள். மண்ணை மிதித்ததே இல்லை. ஒரு நாள் அவர் தன் பெட்டியிலிருந்து சின்னக் குப்பியில் கொஞ்சம் தேரிமண், அவர் ஊர்ப் பக்கத்துச் செம்மணல், எடுத்து அவளிடம் கொடுக்கிறார். அவள் அதை மோந்து பார்க்கிறாள். பாட்டும் இல்லை, பேச்சும் இல்லை. அவ்வளவுதான் காட்சி.

அதற்கே ஊர் இரண்டுபட்டுப் போயிற்று. எங்களுக்கு வாட்ஸ்அப்பில் ஒரு குழு உண்டு, 'பதினேழாம் கலத்தார்' என்று பெயர். அதில் பாதிப் பேர், அது காதல்தான், இருவரும் சேர்ந்தே ஆகவேண்டும் என்றார்கள். அவர்களுக்குச் சேருங்கட்சி என்று பெயர் வைத்தேன். நாங்கள் சேராக்கட்சி. கேப்டனுக்குக் கடமை இருக்கிறது, விதைநெல் இருக்கிறது, கூட வேலை செய்கிற பெண்ணை அப்படிப் பார்க்கமாட்டார் என்பது எங்கள் கட்சி. அந்தக் குப்பி என்ன என்று கேட்டார்கள். மண் பரிசோதனை என்று எழுதினேன். தப்பா?

சேருங்கட்சிக்குத் தலைவி மாதிரி ஒருத்தி இருந்தாள். கோகிலவாணி. மெட்ரிகுலேஷன் பள்ளியில் பௌதிகம் எடுக்கிற டீச்சர். முப்பதை நெருங்குகிற வயசு, கல்யாணம் ஆகவில்லை. எங்கள் வீதிக்கு அடுத்த வீதிதான், ஆனால் நேரில் பார்த்ததில்லை. நன்றாக எழுதுவாள், அதைச் சொல்லத்தான் வேண்டும். நன்றாக எழுதுகிறவர்களுக்கு வருகிற கொழுப்பும் வந்திருந்தது.

கடமைதான் பெரிது என்று நான் ஒரு கட்டுரை போட்டிருந்தேன். இரண்டு நாள் உட்கார்ந்து எழுதியது. அதற்கு அவள் ஒரே வரியில் பதில் போட்டாள்: 'குரு சார் ஓமன்ல இத்தனை வருஷமும் வால்வை மூடியே பழகிட்டாரு. தொறந்தா என்ன வருமோன்னு அவருக்குப் பயம்.'

குழு முழுக்கச் சிரிப்பு. கண்ணில் தண்ணீர் வரச் சிரிக்கிற பொம்மை இருக்கிறதே, அது வரிசையாக வந்து விழுகிறது. சேராக்கட்சிக்காரர்களும் போட்டார்கள், சார். அதுகூடப் பரவாயில்லை. சமையலறையிலிருந்து ஒரு சத்தம் கேட்டது. என் மனைவி ஜெயமணியும் அந்தக் குழுவில் இருக்கிறாள், வாயே திறக்கமாட்டாள். அவள் சிரித்த சத்தம். நான் ஊர் திரும்பிய பிறகு அவள் அப்படி வாய்விட்டுச் சிரித்து அன்றைக்குத்தான் கேட்டேன்.

"என்ன சிரிப்பு?" என்றேன்.

"ஒண்ணுமில்லீங்க. அந்தப் புள்ள கரெக்டாத்தான் சொல்லிப்போட்டா."

எனக்குக் கோபமே வரவில்லை. கோபம் வந்திருந்தால் அன்றைக்கே பதில் போட்டிருப்பேனே? போடவில்லை. கோபப்படுகிற ஆள் இல்லை நான். வால்வு என்பது எவ்வளவு முக்கியமான பொருள் என்று அந்தப் பெண்ணுக்குத் தெரியாது. அதை விடுங்கள்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் சேலத்து ஆள் ஒருவர் குழுவில் ஒரு யோசனை சொன்னார். ரெவின்யூவில் இருந்து ஓய்வு பெற்றவர். 'எதுக்கு இத்தனை சண்டை? ரெண்டு பேர் ஜாதகத்தையும் வெச்சுப் பொருத்தம் பாத்துட்டா முடிஞ்சுபோச்சு' என்றார். விளையாட்டாகத்தான் சொன்னார். நம் ஆட்களிடம் ஜாதகம் என்று சொன்ன பிறகு விளையாட்டாவது ஒன்றாவது? கேப்டனுடைய பிறந்த தேதி, நேரம், ஊர் எல்லாம் மருத்துவ அறைக் காட்சியில் திரையில் ஒரு நொடி வந்து போகும். படத்தை நிறுத்திவைத்துப் படித்து, கட்டம் போட்டுவிட்டார்கள். மேஷ லக்னம். லக்னத்திலேயே செவ்வாய். 'கேப்டன்னா சும்மாவா!' என்று ஒரே கூத்து.

நான் அப்போதுதான் வாயைத் திறந்தேன். ஒரே கேள்வி. லக்னம் என்றால் என்ன? பிறக்கிற நேரத்தில் அந்த ஊரின் கீழ்வானத்தில் உதிக்கிற ராசி. விண்கலத்துக்குக் கீழ்வானம் ஏது, மேல்வானம் ஏது? பூமியில் பிறக்காதவளுக்கு லக்னம் எங்கிருந்து வரும்?

சார், குழு அப்படியே அடங்கிவிட்டது. சாவு வீடு மாதிரி. ஒருவர் மெல்ல, 'கலம் கெளம்புன ஊரை வெச்சுக்கலாமே' என்றார். இன்னொருவர், 'முதல் பிரசவம் தாய்வீட்லதானே, அம்மா ஊரை வெச்சுக்கலாம்' என்றார். விண்வெளியில் தாய்வீட்டைத் தேடுகிறார்கள்! ஜெயித்துவிட்டோம் என்றுதான் நினைத்தேன்.

மறுநாள் கோகிலவாணி ஒரு ஜாதகத்தைப் படம் பிடித்துப் போட்டாள். கம்ப்யூட்டரில் போட்ட ஜாதகம், மூலையில் மஞ்சள் கறை, பெயர் இருக்கும் இடத்தில் ஒரு வேப்பிலையை வைத்து மறைத்திருந்தாள். 'இதுதான் நிலவினியோட ஜாதகம்னு வெச்சுக்குவோம். பிடிவாதம், படிப்பு எல்லாம் அவளேதான். யாராவது பொருத்தம் பாத்துச் சொல்லுங்களேன்.'

நான் ஜோசியத்தை நம்புகிறவன் இல்லை. ஆனால் எதிரியை அவன் கத்தியை வாங்கித்தானே குத்தவேண்டும்? இரண்டு ஜாதகத்தையும் காகிதத்தில் அச்செடுத்துக்கொண்டு கருங்கல்பாளையம் அங்கமுத்து ஜோசியரிடம் போனேன். சுற்றுவட்டாரத்தில் அவர் சொன்னால் சொன்னதுதான்.

மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு கேட்டார்: "மாப்பிள்ளை என்ன பண்றாப்ல?"

"கப்பலுங்க."

"மெர்ச்சன்ட் நேவியுங்களா?"

"அதுக்குக் கொஞ்சம் மேலங்க."

"பொண்ணு?"

"அதே கப்பல்லதானுங்க வேலை."

"அட, அப்பச் சேந்தே இருப்பாங்க. அவிங்கவிங்க ஒரு பக்கம் கெடந்து சீரழியறதுக்கு இது எவ்வளவோ மேலு." ஜோசியர் சொன்னதை அப்படியே சொல்கிறேன், சார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை.

விரலை மடக்கி மடக்கி என்னவோ கணக்குப் போட்டார். அப்புறம் நிமிர்ந்து உட்கார்ந்தார். "எட்டுப் பொருத்தம் தேறுதுங்க. ரெண்டு ஜாதகத்துலயும் செவ்வாயி இருக்கறதால தோஷத்துக்குத் தோஷம் சரியாப் போச்சு. பொண்ணு ஜாதகம் தங்கமுங்க. மாங்கல்ய ஸ்தானத்தைக் குரு பாக்கறாரு. போற வீட்டுக்கு வெளக்கு வெச்ச மாதிரி. கண்ண மூடிட்டு முடிங்க."

"கொஞ்சம் நல்லாப் பாருங்க. எங்கயாச்சும் ஒரு தடை கிடை..."

அவர் கண்ணாடியை இறக்கினார். "ஏனுங்க, நீங்க பொண்ணு ஊடா, மாப்பிள்ளை ஊடா?"

"ரெண்டும் இல்லீங்க."

"அப்பறம் எதுக்குங்க தடையைத் தேடிட்டு வந்திருக்கறீங்க?"

அவருக்கு எப்படிப் புரியவைப்பது? வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து உட்கார்ந்து அவர் தீர்ப்பை எழுதினேன். அவர் சொன்னதையே எழுதியிருந்தால் சேருங்கட்சி என்னைத் தலையில் தூக்கிவைத்து ஆடியிருக்கும், அதாவது என்னைக் கீழே போட்டு ஆடியிருக்கும். ஆகவே கொஞ்சம் திருத்தினேன். எடிட்டிங் என்று வைத்துக்கொள்ளுங்கள். 'கருங்கல்பாளையம் அங்கமுத்து ஜோசியர் அவர்கள் நேரில் பார்த்துச் சொன்னது' என்று தலைப்புப் போட்டேன். கீழே, 'இந்தப் பெண்ணின் மாங்கல்ய ஸ்தானம் கருகிக் கிடக்கிறது. இவளைக் கட்டுகிறவன் மூன்று ஆடி பார்க்கமாட்டான். இவள் காலெடுத்து வைக்கும் வீட்டில் விளக்கு நிலைக்காது.'

ஜோசியர் விளக்கு என்றாரல்லவா, அந்த விளக்கையே திருப்பிவிட்டேன். கவனித்தீர்களா? 'மூன்று ஆடி' முழுக்க என்னுடையது. நன்றாக எழுதுவது அவளுக்கு மட்டும்தான் வருமா?

அந்த மஞ்சள் கறை ஜாதகத்தையும் சேர்த்துப் போட்டேன், ஆதாரம் வேண்டுமே. யாருக்கு நஷ்டம், சொல்லுங்கள். இல்லாத ஒருத்தி, இல்லாத கழுத்து, இல்லாத தாலி. அது யாரோ உயிரோடு இருக்கிற பெண்ணின் ஜாதகம் என்று எனக்கு எப்படித் தெரியும்? அதில் ஆவணி மாசம் ஒரு தேதி இருந்தது, உண்மைதான். குழுவில் எல்லோருக்கும் பிறந்தநாள் வாழ்த்துப் போடுகிறவன் நான்தான், அதுவும் உண்மைதான். கோகிலவாணிக்கு ஆவணியில் கேக் படத்தோடு போட்டிருக்கிறேன். ஆனால் இதையெல்லாம் ஒன்றோடு ஒன்று வைத்துப் பார்க்க எனக்கு அப்போது நேரமில்லை.

அன்றைக்குக் கிடைத்த கைதட்டல் மாதிரி எனக்கு வாழ்க்கையில் கிடைத்ததில்லை. ஓமனில் விடைபெறும்போது ஒரு கடிகாரம் கொடுத்தார்கள், யாரும் கைதட்டவில்லை. இங்கே தட்டினார்கள். 'குரு சார், ஆடி மூணு, ஆள் காலி!' என்று ஒருவர் பாட்டே கட்டினார். கோகிலவாணி ஒரு வார்த்தை பேசவில்லை. தோற்றவர்கள் அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

திண்டல் தாண்டிவிட்டதா? தாண்டியிருக்கும். இந்த ரோட்டில் பஸ் பறக்கும்.

அப்புறம் ஒரு நாள் காலையில் வாசலில் ஒரு குரல். "ஏனுங், குருபரன் சார் ஊடுங்களா?" வெள்ளை வேட்டி, கக்கத்தில் குடை. பெயர் சென்னியப்பனாம். அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். நாற்காலியைக் காட்டினால் விளிம்பில் உட்கார்ந்தார். பின்னால் ஒரு பெண் நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அது என்ற பொண்ணு ஜாதகமுங்க" என்றார்.

"எதுங்க?"

"நீங்க போனுல போட்டீங்கல்லங்க. மூணு ஆடின்னு."

நான் அந்தப் பெண்ணைப் பார்த்தேன். கோகிலவாணியின் எழுத்தைப் பார்த்து உயரமானவள் என்று நினைத்திருந்தேன். இல்லை, குள்ளம்தான்.

அவர் நிறுத்தி நிறுத்திச் சொன்னார். பெருந்துறையில் ஒரு வரன். மாப்பிள்ளை மின்வாரியத்தில் வேலை. ஜாதகம் பார்த்து, பெண் பார்த்து, இருவருக்கும் பிடித்துப்போய், உப்புச் சர்க்கரை மாற்றி உறுதி செய்ய நாளும் குறித்தாயிற்று. மாப்பிள்ளையின் அக்கா எங்கள் குழுவில் இருக்கிறாளாம். சேராக்கட்சியாம், நம் ஆள்தான். அந்த மஞ்சள் கறையைப் பார்த்ததும் அவளுக்குச் சந்தேகம். பெண் வீட்டார் கலர் ஜெராக்ஸ் எடுத்து அனுப்பிய ஜாதகம் அவர்கள் பூஜையறையில் சாமி படத்துக்கு முன்னால் இருக்கிறது. எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறாள். அதே கட்டம், அதே கறை.

"மாப்பிள்ளையோட அம்மா படுத்த படுக்கையாக் கெடக்குதுங்க. 'என்ற பையன் மூணு ஆடி பாக்கமாட்டானாமா'ன்னு ஒரே அழுகை. அங்கமுத்து ஜோசியர் ஊட்டுக்கே போனனுங்க. அவரு, 'நான் அப்புடி ஒரு வார்த்தை சொல்லவே இல்ல, அது தங்கமான ஜாதகம்'னு அடிச்சுச் சொல்றாரு. ஆனாப் பொண்ணைப் பெத்தவன் போயி ஜோசியரைச் சொல்லவெச்சா எவன் நம்புவான், சொல்லுங்க."

"இப்ப நான் என்னங்க பண்ணணும்?"

"எழுதுனவரு நீங்க. பெருந்துறைக்கு வந்து, அவிங்க பெரியவங்க முன்னாடி, 'ஜோசியர் சொன்னது வேற, அதை நான்தான் வெளையாட்டுக்கு மாத்தி எழுதுனேன்'னு ஒரு வார்த்தை சொல்லிப்போட்டாப் போதுமுங்க. மாப்பிள்ளையே ரகசியமாச் சொல்லிவுட்டிருக்காப்ல, எழுதுனவரு வாயால வந்தா அம்மா கேட்டுக்கும்னு. இல்லாட்டி இந்த எடம் மட்டும் இல்லீங்க. ஊருக்குள்ள ஒருக்காப் பேச்சு வந்துட்டா அப்பறம் எந்த எடம் வந்தாலும் இதே கதைதானுங்க."

அவர் குடையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டே இருந்தார்.

"ஏம்மா, உன் ஜாதகத்தைப் போய் எதுக்குப் போட்ட?" என்று கேட்டேன். நியாயமான கேள்விதானே?

"கையில இருந்தது அதுதானுங்க சார். கேப்டனுக்குப் பொருந்துதான்னு..." அப்பாவைப் பார்த்தாள், நிறுத்திக்கொண்டாள். "ஒரு வெளையாட்டுத்தானுங்க." அப்புறம் அவளே, "உங்களை வால்வுன்னு சொன்னது தப்புத்தானுங்க சார்" என்றாள்.

"அட, அதையெல்லாம் நான் எப்பவோ மறந்துட்டேன்மா. 'தொறந்தா என்ன வருமோன்னு பயம்'னு எழுதியிருந்த. எவ்வளவோ நாளாச்சு அதெல்லாம்" என்றேன்.

ஜெயமணி காப்பி கொண்டுவந்து வைத்தாள். என்னைப் பார்க்காமல், "போயிச் சொல்லிட்டு வாங்க. பெருந்துறை என்ன பம்பாயிலயா இருக்குது?" என்றாள்.

நான் இரக்கமில்லாதவன் இல்லை, சார். வருகிறேன் என்று அங்கேயே சொன்னேன். ஆனால் நியாயம் என்று ஒன்று இருக்கிறதே. நான் எழுதியதை நான் திரும்ப வாங்கவேண்டும் என்றால் அவள் எழுதியதை அவளும் திரும்ப வாங்கவேண்டும் அல்லவா? அவளுக்குக் கல்யாணம், எனக்குக் கொள்கை. அதைத்தான் சொன்னேன். "நீ குழுவுல ஒண்ணு எழுதிடும்மா. கேப்டனும் நிலவினியும் சேரக்கூடாது, இத்தனை நாள் நான் எழுதுனது தப்புன்னு."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். பார்வையைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. சென்னியப்பன்தான், "எழுதிப்போடு சாமி, நமக்கென்ன போச்சு? டிவிதானே?" என்றார்.

அங்கேயே நின்றபடி போனில் தட்டினாள். "பாத்துக்குங்க சார்" என்று நீட்டினாள். 'என் கருத்தை மாற்றிக்கொள்கிறேன்' என்று எழுதியிருந்தாள். அது என்ன, சட்டை மாற்றிக்கொள்கிற மாதிரி? 'அறியாமையால் எழுதினேன்' என்று போடச் சொன்னேன். போட்டாள். 'குரு சார் சொன்னதே சரி' என்று சேர்க்கச் சொன்னேன். சேர்த்தாள். 'வணங்குகிறேன்' என்று முடிக்கச் சொன்னபோது ஜெயமணி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். ஏன் என்று தெரியவில்லை. அதில் காப்பி அப்படியே இருந்தது.

போட்டதும் குழுவில் மத்தாப்புத்தான். 'அப்படி வா வழிக்கு!' 'டீச்சர் ஃபெயில்!' 'பெஞ்ச் மேல ஏறி நில்லுங்க டீச்சர்!' ஒவ்வொன்றும் வரும்போது அவள் கையில் போன் கிர்ர் கிர்ர் என்று அதிர்ந்தது. ஞாயிற்றுக்கிழமை பெருந்துறைக்கு வருவதாக வாக்குக் கொடுத்தேன். சென்னியப்பன் என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அந்தப் பெண் செருப்பை மாட்டிக்கொண்டு முதலிலேயே தெருவுக்குப் போய்விட்டாள். ஒரு நன்றி சொன்னாளா? இல்லை.

இதோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். வெள்ளிக்கிழமை கடைசிப் பகுதி வந்தது. கலம் இறங்குகிறது. கதவு திறக்கிறது. நிலவினி வாழ்க்கையில் முதல்முறையாக மண்ணில் கால் வைக்கப் பயந்து படியில் நிற்கிறாள். கேப்டன் தன் பூட்ஸைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு முதலில் இறங்கி, திரும்பிக் கையை நீட்டுகிறார். அவள் அதைப் பிடிக்கிறாள். முடிந்தது தொடர்.

மண் பரிசோதனைக்குக் கையை ஏன் பிடிக்கவேண்டும் என்று குழுவில் கேட்டார்கள், சார். என்னைத்தான் கேட்டார்கள். என் கட்சிக்காரர்களே கேட்டார்கள். அந்த இருவரும் கைகோத்து நிற்கிற படத்தில் என் 'மூன்று ஆடி'யை எழுதி ஒருவன் போட்டான். சேலத்துக்காரர், 'ஜோசியர் கைவிட்டுட்டாரா குரு சார்?' என்கிறார். ஜெயமணி டிவிக்கு முன்னால் உட்கார்ந்து முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கிறாள். சந்தோஷத்திலாம்.

எல்லோரும் ஆடினார்கள். கோகிலவாணி மட்டும் ஒன்றும் எழுதவில்லை. ஒரு எழுத்து இல்லை, ஒரு பொம்மை இல்லை. நான் இரண்டு நாளாகப் போனைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். 'பார்த்தீங்களா சார்' என்று ஒரு வரி போட்டிருந்தால்கூட மனுஷி என்று ஒப்புக்கொண்டிருப்பேன். பேசாமல் இருக்கிறாள். அந்த மௌனம் இருக்கிறதே, அதுதான் திமிர். வணங்குகிறேன் என்று எழுதியதெல்லாம் உதட்டளவுதான் என்று அதிலேயே தெரிந்துவிட்டது. மனசில்லாமல் எழுதிக் கொடுத்த ஒன்றுக்காக நான் மனசாரப் போய்ச் சாட்சி சொல்லவேண்டுமாம்.

இன்றைக்குத்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை. மாப்பிள்ளை வீட்டில் இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் வந்து உட்கார்ந்திருக்கிறார்களாம். பெண் வரக்கூடாது என்பதால் அவள் ஈரோட்டிலேயே இருக்கிறாள். இன்றைக்குச் சரியாக வராவிட்டால் ஐப்பசியில் பையனுக்கு வேறு இடம் பார்த்துவிடுவோம் என்று அந்த அம்மா சொல்லிவிட்டதாம். ஜெயமணி இந்தச் சட்டையைத் தேய்த்துக் கொடுத்தாள். வெளியே வந்து கேட் வரைக்கும் நின்றாள். ஓமனுக்குப் போகும்போதுகூட அவள் அப்படி நின்றதில்லை.

இதோ, போன். அவர்தான், சென்னியப்பன். அடிக்கட்டும். காலையிலிருந்து இப்படித்தான். 'பஸ் ஏறிட்டீங்களா, எந்த பஸ்ஸு, பொறப்பட்டாச்சா' என்று. கண்டக்டர் புத்தி.

பெருந்துறை வந்துவிட்டது போலிருக்கிறதே. "பெருந்துறையெல்லாம் எறங்கு, எறங்கு" என்கிறான் கண்டக்டர். அதோ பாருங்கள், டீக்கடைக்குப் பக்கத்தில், வெள்ளை வேட்டி, கையில் மஞ்சப்பை. வெற்றிலை பாக்கு பழமாக இருக்கும். ஒவ்வொரு ஜன்னலாக அண்ணாந்து பார்த்துக்கொண்டே வருகிறார். சார், நீங்கள் ஜன்னலோரம் கொஞ்சம் முன்னால் சாய்ந்து உட்காருங்கள். இன்னும் கொஞ்சம். அப்படித்தான். அவரைப் பார்க்காதீர்கள், போனைப் பாருங்கள். கேப்டனுக்குக் காய்ச்சல் விட்டிருக்கும், பாருங்கள்.

போய்விட்டாரா? பின்வாசல் பக்கமா? சரி. விசில் கொடுத்துவிட்டான்.

ஈரோட்டில் ஏறும்போதே நான் கோயமுத்தூருக்குத்தான் டிக்கெட் எடுத்தேன்.